நடுக்கத்துக்கு முறை போட்ட ஊர்

நர்ஸ் சம்பூர்ணத்தோட வலது கையில குடியிருந்த நடுக்கம், அவங்க நீட்டின காப்பி டம்ளர் வழியா இறங்கி, அதை வாங்கின பஞ்சாயத்துத் தலைவர் கொழந்தசாமியோட கைக்குள்ள ஏறிப் போச்சு பாருங்க, அந்த நிமிஷத்துலதான் எல்லாமே தப்பாப் போச்சு. வாய்க்கால்மேடு ஆரம்ப சுகாதார நிலையத்துல புதுசாக் கட்டின தடுப்பூசி ரூமைத் திறந்து வைக்கறதுக்காக, தலைவர் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில வந்து உக்காந்திருந்தாரு. காப்பி பாதி வேட்டியில, பாதி தரையில, காலி டம்ளர் மட்டும் அவரு விரலுக்கு நடுவுல கடகடன்னு ஆடிட்டே இருக்குது.

"ஏனுங் தலைவரே, குளுருதுங்களா?"ன்னு யாரோ கேட்டாங்க. சித்திரை வெயில் மண்டையப் பொளந்துட்டிருந்த நேரம் அது.

அதே ஆட்டத்தோட எந்திரிச்சுப் போய் ரிப்பன் வெட்டினாரு, ரிப்பன் இடியாப்பமா உதிர்ந்துச்சு. கத்திரிக்கோலை இன்ஜினியர் கையில குடுத்தாரு, தலைவரோட கை பொட்டுன்னு நின்னுச்சு, இன்ஜினியரோட கை ஆட ஆரம்பிச்சுது. இன்ஜினியர் கத்திரிக்கோலை மைக்செட்காரர் கிட்ட தள்ளினாரு, மைக்செட்காரர் மைக்கை வாத்தியார் கிட்ட குடுத்தாரு, வாத்தியார் பேசின நன்றியுரை ஆட்டோவுல போயிட்டே பேசின மாதிரி கேட்டுச்சு. கூட்டம் கலையறதுக்குள்ள நடுக்கம் மேடையச் சுத்தி வந்து, பந்தல்காரரோட கையில ஏறி, அவரு முடிச்சவுக்காத கயித்தையெல்லாம் தானே அவுத்து விட்டிருச்சு.

இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குன்னுதான் ஊரு நினைச்சுது. சளி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வரும், கண்வலி வரும், கொட்டாவி கூட வரும், நடுக்கம் வரக்கூடாதா?

ஓரத்துல நின்ன மோகனப்பிரியா மட்டும் அப்படி நினைக்கல. அவ சம்பூர்ணத்தோட ஒரே மக. டவுன்ல மருந்தியல் காலேஜ்ல ஆராய்ச்சி பண்றவ. அம்மா கையை நிக்க வெச்சது அவ செஞ்ச மருந்து.

சம்பூர்ணத்துக்கு வந்திருந்தது பார்க்கின்சன். மூளைக்குள்ள டோபமைன்னு ஒண்ணு சுரக்கும், அதைச் சுரக்கற செல்லெல்லாம் ஒண்ணொண்ணா கடையை மூடிட்டுப் போயிரும், அதுக்கப்புறம் கை ஆடும், நடை சுருங்கும், மொகத்துக்குச் சிரிப்பு வர லேட்டாகும். ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் பச்சப் புள்ளையில ஊசி போட்ட கை அது. அந்தக் கை ஆட ஆரம்பிச்சதும், ஊசியைத் தொடக்கூடாதுன்னு சொல்லி, சீட்டுப் போடற கவுண்டர்ல உக்கார வெச்சுட்டாங்க. அவங்களோ கவுண்டர் ஜன்னல்ல இருந்து தடுப்பூசி ரூமையே பாத்துட்டிருப்பாங்க, கல்யாணப் பந்தியில எடம் கெடைக்காதவங்க எலையப் பாக்கற மாதிரி. மாவட்ட ஆபீஸ்ல டாக்டருங்க கூடிப் பாத்து, கை நிக்குதுன்னு சொன்னாத்தான் மறுபடி ஊசி. இல்லேன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் அதே ஜன்னல்தான். தேதியும் குடுத்திருந்தாங்க.

மோகனா மூணு வருசமா செஞ்சிட்டிருந்த வேலை இதுதான்: பூனைக்காலி விதையில டோபமைனுக்கான கச்சாப் பொருள் இயற்கையாவே இருக்கு, மஞ்சள்ல இருக்கற மஞ்சள் நிறமிக்கு நரம்பு செல்லைக் காப்பாத்தற கொணம் கொஞ்சம் இருக்கலாம்னு பல பேரு சொல்றாங்க, ஆனா ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு காவல் இருக்கு பாருங்க, அது யாரு வந்தாலும் சட்டையப் புடிச்சு வெளிய தள்ளிரும். அதனால அந்த மஞ்சளுக்கு, கண்ணாடிக் குடுவையில செயற்கையா செஞ்ச ஒரு வாலை ஒட்டி, காவலுக்குத் தெரிஞ்ச மொகம் மாதிரி மாத்தி, உள்ள அனுப்பிப் பாத்தா? பாதி தோட்டம், பாதி லேப். எலி வரைக்கும்தான் வந்திருந்தா. காலேஜ் பிரிட்ஜ் ரிப்பேர்னு மருந்து பாட்டிலை வீட்டு பிரிட்ஜுக்குக் கொண்டாந்து, இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்துல, 'தொடாதே'ன்னு பெருசா எழுதி ஒட்டி வெச்சா.

சம்பூர்ணம் தொட்டாங்க. குடிச்சும் முடிச்சாங்க.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? நர்ஸுதானே நீ? அது எலிக்கு வெச்சதும்மா! ஆகாததாகி ஏதாச்சும் ஆயிருந்தா?"

"எலியை விட நான் என்ன மட்டமா போயிட்டனா கண்ணு?"ன்னு கேட்டுட்டு, ஆடாம நிக்கற கையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க சம்பூர்ணம். அதைப் பாத்ததும் மோகனாவுக்கு மேல திட்ட வாய் வரல. நடுக்கம் போயிருச்சுன்னு ரெண்டு பேரும் நினைச்சாங்க. அது கிளம்பறதுக்கு ஒரு டம்ளருக்காகக் காத்துட்டிருந்ததுன்னு திறப்பு விழாவுலதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஊரு நடுக்கத்தோட கொணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சுக்கிச்சு. ஒருத்தர் குடுத்து ஒருத்தர் வாங்கற பொருள் வழியாத்தான் அது போகும்; ரெண்டு கையும் ஒரே பொருளை ஒரு நொடி சேர்ந்து புடிக்கணும். அதனால வாய்க்கால்மேட்டுல யாரும் யாருக்கும் எதையும் கையில குடுக்கறதில்லைன்னு ஆச்சு. கண்டக்டர் டிக்கெட்டை சீட்டு மேல வெச்சாரு, மளிகைக்கடைக்காரர் புளியைத் தராசுலயே விட்டுட்டு நகந்துக்கிட்டாரு, கோயில் பூசாரி துண்ணூறை மேல இருந்து தூவினாரு, புருசன் பொண்டாட்டி கூட சாவியைத் திட்டுல வெச்சுட்டு "அங்க இருக்குது, எடுத்துக்கோ"ன்னு சொல்லிக்கிட்டாங்க.

சம்பூர்ணத்துக்கு இது பொறுக்கல. நடுக்கம் யாருகிட்ட இருக்குன்னு தேடிட்டுத் தெருத் தெருவாப் போனாங்க, தொலைஞ்சுபோன ஆட்டைத் தேடற மாதிரி. "அது என்னுது. குடுத்துருங்க சாமி"ன்னு கையை நீட்டினா, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டாங்க.

மதகுக்கிட்ட ஊரு கூடுச்சு. வாய்க்கால்ல வர்ற தண்ணியை யாரு காடு வயலுக்கு எப்பன்னு முறை போட்டு, விசில் ஊதித் திறந்து விடறவரு பெரியண்ணன். அவருதான் சொன்னாரு.

"தண்ணிக்கு முறை போடறோம். இதுக்கும் போட்டாப் போச்சு. மதகுல ஆரம்பிச்சு ஊடு ஊடா அனுப்புவோம். நர்ஸம்மா டாக்டருங்களப் பாத்துட்டு வர்ற வரைக்கும் அவிய கைக்கு இது வரக்கூடாது, அம்புட்டுத்தான்."

"என்ற சீக்கை நீங்க பங்கு போடறதா?"ன்னு சம்பூர்ணம் சத்தம் போட்டாங்க. "சோத்துல பங்கு கேளுங்க, குடுக்கறேன். இதுல என்னங் பங்கு?"

"நர்ஸம்மா, சின்னதுல என்ற தொடையில நீங்க குத்தாத எடமில்லீங்"ன்னாரு தலைவர் கொழந்தசாமி. "அன்னிக்கு உங்களால அழுதேன். இன்னிக்கு ஒரு பொழுது ஆடிட்டுப் போறேன் உடுங்."

சனம் சிரிச்சுது, முறை முடிவாச்சு. கொழந்தைங்க கைக்கும் மாசமா இருக்கறவங்க கைக்கும் போகக்கூடாதுன்னு மட்டும் சம்பூர்ணம் அடிச்சுச் சொன்னாங்க, மத்தது அவங்க பேச்சையும் மீறி நடந்துச்சு. பெரியண்ணன் விசில் ஊதினா இந்த ஊட்டுல இருந்து அடுத்த ஊட்டுக்கு ஒரு பித்தளைச் சொம்புல தண்ணி போகும், தண்ணியோட நடுக்கமும் போகும்.

வந்த நடுக்கத்தை ஊரு சும்மா வெச்சுக்கல. மஞ்சள் சலிக்கறவங்க சல்லடையைப் புடிச்சுட்டு நின்னாப் போதும், அது பாட்டுக்குச் சலிச்சுது. மோர் கடையறவங்க மத்தைத் தொட்டாப் போதும், வெண்ணெய் திரண்டு வந்துச்சு. தூங்காத புள்ளைங்களோட தொட்டில் கயித்துல கையை வெச்சா, அஞ்சு தலைமுறை தாலாட்டுக்கும் மசியாத புள்ளையும் கண்ணசந்துச்சு. மேளக்காரர் தன்னோட முறையன்னிக்கு ஒரு கல்யாணத்துல வாசிச்ச உருட்டைக் கேட்டு மாப்பிள்ளையே தாலியை மறந்துட்டாரு. பரீட்சை எழுதப் பிடிக்காத காலேஜ் பசங்க "இன்னிக்கு எங்க ஊடு, இன்னிக்கு எங்க ஊடு"ன்னு சண்டை போட்டாங்க. ஆனா முறை முடியற நேரத்துல ஒவ்வொருத்தரும் சோத்தை உருட்டி வாய்க்குக் கொண்டு போகும்போது சிந்தினதைக் குனிஞ்சு பொறுக்கினாங்க. நர்ஸம்மா இத்தனை நாளும் இப்படித்தான் சாப்பிட்டிருப்பாங்கன்னு அப்பத்தான் ஒரைச்சுது.

மோகனாவோட கைடு ஜெரால்டு சார் விசயம் கேட்டு, கை ஆட்டத்தை அளக்கற மிஷினைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. அதே பூனைக்காலி, அதே மஞ்சள், அதே குடுவை, அதே வால்னு மறுபடி மருந்தைச் செஞ்சு பாத்தாங்க. அதைக் குடிச்ச எலி ஒரு ஏப்பம் விட்டுட்டுத் தூங்கப் போச்சு. "மோகனா, அன்னிக்கு எப்படியோ வந்த மருந்து அது, மறுபடி வராது, விடும்மா"ன்னாரு சார். "அந்த நடுக்கம் இப்ப எங்க இருக்குன்னு பாரு. எனக்கு அதுதான் கவலை."

அவரு கேட்டது நியாயம். ஏன்னா ஊருல எல்லாரும் அதை மறந்தே போயிருந்தாங்க. பெரியண்ணன் கடைசி விசில் ஊதி வாரக்கணக்காச்சு. முறை கடைமடை வரைக்கும் போய் முடிஞ்சுது, நடுக்கம் மண்ணுல இறங்கிருச்சுன்னு ஊரே நம்புச்சு. மறுபடியும் கையோட கை பொருளைக் குடுத்து வாங்க ஆரம்பிச்சாச்சு, சம்பூர்ணம் கை கல்லு மாதிரி நிக்குது, நாளைக்கு டாக்டருங்களைப் பாக்கப் போறாங்க.

மோகனா மிஷினைத் தோள்ல மாட்டிட்டு வாய்க்காலோரமாவே நடந்தா. மதகுல கரை புரண்டு ஓடற தண்ணி, போகப் போக முழங்காலளவாகி, கணுக்காலளவாகி, கடைமடையில வெறும் ஈரமா நின்னுச்சு. அந்த ஈரம் முடியற எடத்துல ஒரு ஓட்டு வீடு. பனியன் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போற வளர்மதியோட வீடு. வேலை நாளா இருந்தும் வளர்மதி வீட்டுலயே இருந்தா, வலது கையைத் துண்டால மடக்கிக் கட்டிட்டு.

துண்டுக்குள்ள என்னமோ கோழிக்குஞ்சு மாதிரி துடிச்சுட்டிருந்துச்சு.

"அக்கா... உங்ககிட்டயா இருக்குது? ஏனுங்க்கா அடுத்தாளுக்குக் குடுக்கல?"

"யாருக்குங் அம்மணி குடுக்கறது?"ன்னு கேட்டா வளர்மதி. "எனக்கப்புறம் வாய்க்கால் முடிஞ்சு போச்சே."

மோகனாவுக்குத் தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி கடைசி வயல்ல மண்ணுக்குள்ள போயிரும், அதனால தண்ணி முறை போடறவங்க யாரும் அதுக்கு மேல யோசிச்சதே கெடையாது. நடுக்கம் எந்த மண்ணுக்குள்ள போகும்?

"உங்களுக்குக் குடுத்த மேக்கால ஊட்டுக்காரங்க கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கலாமில்ல?"

"முறை முடிஞ்சு போச்சும்பாங்க. தண்ணி விசயத்துல மேல போய் வாயத் தொறந்து என்னத்தக் கண்டோம்? எங்க ஊட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டறாரு, அவரு கையில குடுத்தா வண்டி எங்க போகும்? புள்ளைங்க ரெண்டும் சிறுசு." வளர்மதி எடது கையால கண்ணைத் தொடைச்சுட்டு, சட்டுனு சிரிச்சா. "ஊசி நூலு கோக்க முடியல, அதுதான் கம்பெனிக்குப் போகல. இருக்கட்டும் அம்மணி. நாளைக்கு நர்ஸம்மா பாஸாகட்டும். என்ற பெரியவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா கூட உக்காந்திருந்தது அவியதான். ஒரு நாளுதான? யாருகிட்டயும் சொல்லீராதீங்."

"சரிங்க்கா"ன்னுட்டு மோகனா கிளம்பிட்டா. உண்மையாவே கிளம்பிட்டா. ஒரு நாள்தானே, அம்மா அந்த ஜன்னலை விட்டு வெளிய வர்றதுக்கு ஒரே ஒரு நாள்தானேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டா. பஸ்ஸும் வந்துச்சு. ஏறாம, திரும்பி நடந்து போய் அதே வாசல்ல நின்னா.

"அக்கா, நாக்கு வறண்டு போச்சு. ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

தண்ணின்னு கேட்டதும் வளர்மதியோட வலது கை துண்டை உருவிட்டுத் தன்னால நீண்டுச்சு, கடைமடைக்காரங்களுக்குத் தண்ணி கேக்கறவங்களை மறுக்கத் தெரியாது. சொம்பு கை மாறினதுக்கு அப்புறம்தான் தன்னோட கை நின்னு போனதைப் பாத்தா. "அடியே அம்மணி! என்ன வேலை பண்ணிப் போட்டே!"ன்னு கத்தினா. மோகனா தண்ணியைப் பாதி குடிச்சு, பாதி துப்பட்டாவுல சிந்திட்டு, ஓட்டமா ஓடி வந்துட்டா.

நடுக்கம் கையில இருக்கறப்ப எப்படி இருக்கும்னு அவ ஆயிரம் பக்கம் படிச்சிருக்கா. அது தன்னோட கையே தன்னைக் கேக்காம எங்கயோ பாத்துட்டு நிக்கற மாதிரி இருக்கும்னு எதுலயும் போடல.

வீட்டுல சம்பூர்ணம் சீருடையைத் தேய்ச்சு மடிச்சு வெச்சுட்டு, ராகம் பாடிட்டே தோசை ஊத்திட்டிருந்தாங்க. மோகனா கையைப் பின்னால கட்டிட்டு நின்னா. நர்ஸு கண்ணு இல்லையா, ஒரு பார்வை போதும்.

"எங்கிருந்து வாங்கிட்டு வந்தே?"

"என்னத்தம்மா?"

"கையில இருக்கறத."

மோகனா எல்லாத்தையும் சொன்னா. சொல்லி முடிச்சதும், "நாளைக்கு ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும்மா, கெஞ்சிக் கேக்கறேன்"ன்னா.

சம்பூர்ணம் அடுப்பை நிறுத்தினாங்க. "நாளைக்குப் பரீட்சை எனக்குத்தான கண்ணு? காப்பியடிச்சுப் பாஸ் பண்ணச் சொல்றயா?" அப்படின்னுட்டு தோசைத் திருப்பியை மக கையில திணிச்சு, அவ புடிச்சதும் திருப்பி உருவிக்கிட்டாங்க. நடுக்கம் பழைய எடத்துல போய் சொகுசா உக்காந்துக்கிச்சு. அதுக்கப்புறம் ஊத்தின தோசை ஒண்ணு கூட வட்டமா வரல.

காலையில ஊரு வேற மாதிரி முழிச்சுது. விடிஞ்சதும் வளர்மதி கடைமடையில இருந்து மதகு வரைக்கும் நடந்து வந்து, தலைவர் வீட்டு வாசல்ல நின்னு, தன்னோட ஆயுசுல முதல் தடவையா சத்தம் போட்டா.

"தண்ணின்னா மேலயே தேக்கி வெச்சுக்குவீங்க, ஆட்டம்னா ஓட ஓட எங்கூட்டுக்கு அனுப்பிருவீங்களா? நானாச்சும் கட்டிட்டு உக்காந்திருந்தேன், அந்தப் புள்ள அதை வாங்கிட்டுப் போயிருச்சு. பெத்தவங்க அதை மக கையில விட்டு வெப்பாங்களா, இப்ப நர்ஸம்மா கையில இருக்கும் அது. பல்லு வெளக்கிட்டு சாவகாசமா யோசிங்க!"

தலைவர் பல்லு வெளக்கல. பெரியண்ணன் விசிலைத் தேடி எடுத்தாரு, மொகம் செத்துப் போயிருந்துச்சு. "வாய்க்காலுக்குத்தானுங் கடைசி உண்டு. நான் அந்த நெனப்புலயே ஊதிப் போட்டேன்"னாரு. எட்டு மணி பஸ்ஸுல அம்மாவும் மகளும் ஏறி உக்காந்தா, பின்னாலயே ஊரு ஏறுது, ஏறுது, ஏறிட்டே இருக்குது. கண்டக்டர் படியில தொங்கிட்டு எடம் குடுத்தாரு.

மாவட்ட ஆபீஸ் வராண்டாவுல பெரியண்ணன் எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சாரு. மதகுக்கிட்ட குடியிருக்கற தலைவருக்குப் பக்கத்துல கடைமடை வளர்மதி. முதலும் கடைசியும் ஒட்டி நின்னுச்சு, கடைசின்னு ஒரு ஆளே இல்லாமப் போச்சு. சம்பூர்ணம் வேணாம்னு தலையாட்டிட்டே இருந்தாங்க. வளர்மதி வந்து, "நீங்க இப்ப குடுக்கலீன்னா நான் புடுங்கிக்குவேன்"னு கைப்பையைப் புடிச்சா. விசில் ஊதுச்சு. பை ஒரு கையில இருந்து ஒரு கைக்கு, அங்க இருந்து அடுத்த கைக்குன்னு சுத்த ஆரம்பிச்சுது. ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரு மூச்சு நேரம்தான். ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான், அடுத்தாளு.

உள்ள உக்காந்திருந்த டாக்டருங்கள்ல பெரியவங்களான, கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒரு தாளைக் குடுத்து நத்தைக்கூடு மாதிரி சுத்திச் சுத்தி ஒரு கோடு வரையச் சொன்னாங்க. நடுங்கற கைக்கு வைக்கற சோதனை அது. சம்பூர்ணம் வரைஞ்ச கோடு எங்கயும் பிசிறல. டாக்டரம்மா பழைய தாளுங்களையும் இதையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. கூட வந்த மோகனா அவங்க பேனாவையே பாத்துட்டு நின்னா. இன்னும் ஒரு கையெழுத்துதான்.

"ரொம்ப சந்தோசம்மா. நடுக்கம் சுத்தமாப் போயிருச்சே!"

"போகலீங் மேடம்"ன்னாங்க சம்பூர்ணம். "வெளிய வராண்டாவுல இருக்குது."

மோகனா கண்ணை மூடிக்கிட்டா. டாக்டரம்மா எந்திரிச்சு, கதவைத் திறந்து, ரொம்ப நேரம் அந்த வட்டத்தைப் பாத்துட்டு நின்னாங்க. வேட்டிக்காரங்க, சேலைக்காரங்க, பூசாரி, கண்டக்டர், அத்தனை பேரும் ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா சிலிர்த்துச் சிலிர்த்து நிக்கறாங்க, காத்தடிச்சா நெல்லு வயல்ல ஒரு அலை ஓடும் பாருங்க, அது மாதிரி.

"இப்படி எந்த ரூல்லயும் இல்லையேம்மா."

"ஒரு ஊசி குத்தறதுக்கு எவ்வளவு நேரமுங் ஆகும்? அந்த நேரத்துக்கு யாராச்சும் ஒருத்தர் புடிச்சுக்கிட்டாப் போதும். ஆளில்லாத அன்னிக்கு ஊசியத் தொட மாட்டேன். என்ற கை எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் வட்டத்துல தலைவருக்கும் வளர்மதிக்கும் நடுவுல போய் நின்னு, கையை நீட்டினாங்க.

"எம் முறை எப்பங்க?"

பெரியண்ணனுக்கு விசில் ஊதவே வாய் கூடல, உதடு அழுகையில கோணிக்கிச்சு.

அடுத்த புதன்கிழமை புது ரூம்ல சம்பூர்ணம் ஊசி எடுத்தாங்க. கொழந்தை வீல்னு கத்துச்சு, வெளிய வட்டம் கட்டி நின்னவங்க கைதட்டினாங்க, கொழந்தையோட அம்மாவுக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. மோகனா மறுபடி குடுவையும் எலியுமா உக்காந்துட்டா. நடுக்கம் யாருகிட்டயுமே இல்லாமப் போகற மருந்து ஒண்ணு வரணும், அது வர்ற வரைக்கும் இந்த வட்டம்.

வட்டமோ அந்த ஊரோட நிக்கல. டாக்டரம்மா ஒரு பைலை அடுத்த ரூமுக்குக் குடுத்தாங்க, அங்க இருந்து நடுக்கம் அடுத்த ஊருக்குப் போச்சு. பனியன் பார்சல்ல ஏறுச்சு, மஞ்சள் மூட்டையில ஏறுச்சு, ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர் நீட்டின தண்ணி பாட்டில்ல ஏறுச்சு. ஆளு கூடக் கூட ஒவ்வொருத்தர் பங்கும் சுருங்கிச் சுருங்கி, இப்ப ஒருத்தருக்குக் கண்ணிமைக்கற நேரம் கூட வர்றதில்ல. எப்பவாச்சும் சம்பூர்ணத்தோட கைக்கும் வரும், பொறந்த ஊட்டுக்கு வர்ற மாதிரி வந்து, இருந்து, கிளம்பிப் போகும்.

நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாவியைப் பூட்டுல நுழைக்கும்போதோ, யாரோ நீட்டின கொழந்தையை வாங்கும்போதோ, குளுரும் இல்ல, பயமும் இல்ல, ஒரு காரணமும் இல்லாம உங்க கை ஒரே ஒரு தடவை சிலிர்த்துட்டு நின்னிருக்கா? அந்த ஒரு நொடியில எங்கயோ ஒரு ரூம்ல ஒரு ஊசி ஆடாம எறங்கியிருக்கும். சொல்லுங்க, உங்களுக்கும் அப்படி ஆச்சா?